கல்லறைக்குக் காவல் உண்டு, கால்வாய்க்கு இல்லை

பழவேற்காட்டுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது டச்சுக் கல்லறையைத்தான். வாசலில் இரு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. உள்ளே கிடக்கும் சமாதிக் கற்களில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. அப்படி இருப்பதும் முறைதான். ஆனால் அங்கே உறங்குபவர்களுக்குச் செல்வம் தந்த தொழில்களின் தடங்களும், அவர்கள் போன பிறகு இந்த மண்ணில் எழுந்த நீர்வழிக் கட்டுமானங்களும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பழவேற்காடு அடங்கிய பொன்னேரி வட்டாரத்தின் வரலாறு பெரிதும் நீரைக் கடந்த வரலாறு. அந்தக் கடவுகளைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

1610-இல் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் டச்சுக்காரர்கள் இங்கே வணிகம் செய்ய அனுமதி பெற்றார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுதான். இங்கிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணிகள் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போயின. காசு அச்சிட்டார்கள், வெடிமருந்து செய்தார்கள். பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாத ஏழைகளை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் இதே கரையிலிருந்துதான். அதைச் சொல்லாமல் இந்த ஊரின் பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

இவ்வளவு வணிகத்துக்கும் இங்கே ஆழ்கடல் துறைமுகம் இருந்ததில்லை. கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து சிறு படகுகள் முகத்துவாரம் வழியே சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மணல்மேடு எங்கே நகர்ந்திருக்கிறது, எந்த ஓதத்தில் எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்பது படகோட்டிக்குத்தான் தெரியும். கோட்டையும் தறியும் நாணயச்சாலையும் அந்த அறிவை நம்பியே இயங்கின. கோட்டை மண்மேடாகிவிட்டது. அந்த அறிவு மட்டும் குப்பத்து மீனவர்களிடம் இன்றும் இருக்கிறது.

டச்சுக்காரர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் காலம் இந்த நிலத்தில் வேறொரு கோடு போட்டது. பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முதலீட்டில் சென்னையிலிருந்து எண்ணூர்வரை 1806 வாக்கில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டு, பின்னர் பழவேற்காடு ஏரிவரை நீண்டது. 1837-இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கூலியும் கஞ்சியும் தேடி வந்தவர்களைக் கொண்டு, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு வைக்கப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம்வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடிய இந்தக் கால்வாயில் சுமார் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது.

இதன் பொறியியல் நுட்பம் ஆறுகளைக் கடக்கும் இடங்களில்தான் தெரியும். கடற்கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடும் கால்வாய், கிழக்கே கடலுக்குப் போகும் ஆறுகளைக் குறுக்கே வெட்டியாக வேண்டும். மேலே பாலம் கட்டி நீரைக் கொண்டுபோக இங்கே வழியில்லை; கால்வாயின் மட்டமும் கழிமுகத்தின் மட்டமும் ஏறக்குறைய ஒன்று. ஆற்றுக்குள் இறங்கி ஏறித்தான் படகு போக வேண்டும். ஆற்று நீரோ கடலின் ஏற்ற வற்றத்தோடு உயர்ந்து தாழும். வற்றத்தின்போது கால்வாய் நீர் வடிந்துவிட்டால் படகு தரை தட்டும். மழைவெள்ளம் உள்ளே புகுந்தால் வண்டல் படிந்து தூர்ந்துபோகும். அதனால்தான் ஆறு குறுக்கிடும் இடங்களில் இருபுறமும் லாக் கட்டினார்கள்.

லாக் என்பது இரு முனைகளிலும் கதவு போட்ட கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். சிறு மதகைத் திறந்து, தொட்டியின் நீரை எதிர்ப்பக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு முன்கதவு திறக்கும். ஒவ்வொரு முனையிலும் உள்ள இரு பலகைக் கதவுகளும் நீர் அழுத்தும் பக்கம் நோக்கிக் கூம்பியபடி சேரும். அழுத்தம் கூடக்கூட அவை இன்னும் இறுகும். எண்ணெயோ நீராவியோ தேவையில்லை. ஆள்பலமும் ஓதமும் போதும். சென்னை சேப்பாக்கம் பக்கத்தில் ஒரு குடியிருப்பின் பெயரே லாக் நகர். அங்கே படகு நின்றதை அறிந்தவர்கள் அருகிவிட்டார்கள். வடக்கே எண்ணூர்ப் பக்கமும் கதவு போன லாக்குகளைக் காணலாம். கதவு பொருந்தியிருந்த காடி மட்டும் கல்லில் எஞ்சியிருக்கிறது.

இந்த வழியில் விறகு, கரி, நெல், உப்பு, கிளிஞ்சல் எல்லாம் சென்னைக்குப் போயின. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகில் நகரத்து அடுப்புகள் எரிந்தன. அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்து அளங்களில் விளைந்த உப்புக்கும் நீர்வழியே மலிவு. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள்.

கிளிஞ்சலின் கதை தனி. ஏரியில் வாரிய சிப்பிகளைக் கழுவி உலர்த்தி, கரியோடு அடுக்கடுக்காகக் காளவாயில் போட்டுச் சுடுவார்கள். வெந்த சிப்பியில் தண்ணீர் தெளித்தால் சீறிப் பொடியாகும். அந்தச் சுண்ணாம்பை மணலோடு செக்கிலிட்டு அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்துச் சாந்தாக்குவார்கள். பளிங்குபோல் மின்னிய சென்னைச் சுவர்களை ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதினார்கள். அந்த மினுமினுப்பின் மூலப்பொருள் இப்படிப்பட்ட உப்பங்கழிகளில் கிடைத்ததே. காளவாய்கள் கோட்டைபோல் உயர்ந்தவை அல்ல; இடிந்தால் செங்கல் குவியல்தான். அதனால் அவை அழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சென்னையையும் விசயவாடாவையும் இணைத்த ரயில்பாதை 1899-இல் நிறைவுற்றது. பொன்னேரியைத் தாண்டியதும் ஆரணியாற்றை ரயில் சில நொடிகளில் கடந்துவிடும். ஓதம் பார்த்துக் காத்திருந்த படகால் அதோடு போட்டியிட முடியவில்லை. பின்னர் லாரியும் வந்தது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. அதன் பிறகு முறையான பராமரிப்பு இல்லை. இருந்தும் 2004 சுனாமியில் கடல்நீரின் ஒரு பங்கைத் தன்னுள் வாங்கிக் கரையோர மக்களின் ஆபத்தை இந்தக் கால்வாய் குறைத்தது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2008-இல் தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதியாக இது அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தது, படகு வரவில்லை.

கடவு என்பது கல்லும் கதவும் மட்டுமன்று. ஏரிக்கு அப்பாலுள்ள குப்பங்களில் பள்ளிக்கும் பிரசவத்துக்கும் படகையே நம்பியிருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 2011 டிசம்பர் 25-இல் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நீரை அறிந்தவர் சொல்லைக் கேட்காமல் நீரில் இறங்கக் கூடாது என்பதை இந்த ஏரி கொடுமையாக நினைவூட்டிய நாள் அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் மீனவர்களின் பாடு முறையும் இந்த மரபைச் சேர்ந்ததே. எந்த இடத்தில், எந்த நாளில், யார் சுத்துவலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் ஊரே தீர்மானிக்கும் ஒழுங்கு அது.

பிரான்சில் பதினேழாம் நூற்றாண்டில் வெட்டிய மிதி கால்வாயை, அதன் லாக்குகளோடு சேர்த்து, 1996-இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மரபுச் சின்னங்களுக்கென ஆணையம் அமைக்க 2012-இலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது. எண்ணூர் முதல் பழவேற்காடுவரை எஞ்சிய லாக்குகள், படகுத்துறைகள், காளவாய் மேடுகள், உப்பளக் கிடங்குகள் ஆகியவற்றை அளந்து, படம் எடுத்து, பட்டியலிட வேண்டும். பொன்னேரிக் கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் இதைத் தொடங்கலாம். கால்வாயைத் தூர்வார வரும் இயந்திரம் எதைத் தொடக் கூடாது என்பது அதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கல்லை ஒப்பந்தக்காரர் இடிபாடு என்றுதான் கணக்கெழுதுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.