தம்பி கொன்றான், அக்கா பிழைக்க வைத்தாள்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு துக்கம். பதற வேண்டாம், செத்தது கதையில் வரும் ஒரு பெண். ஆனால் என் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கமணி வைத்த வத்தக்குழம்பைக் கூடத் தொடவில்லை என்றால் விஷயத்தின் தீவிரம் உங்களுக்குப் புரியும்.

சங்கதி இதுதான். மூன்று வருடம் முன்பு போபாலில் இருந்தோம். அங்கே இவளும் பள்ளித் தோழிகள் நால்வரும் சேர்ந்து ஒரு கதை எழுத ஆரம்பித்தார்கள். ஹாரி பாட்டர் படித்த மாயப் பள்ளிக்கூடம்தான் களம், மாணவிகள் மட்டும் இவர்களே உண்டாக்கியவர்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தி நாலு வரி எழுதினால், அடுத்தவள் தன் பாத்திரமாகவே நின்று பதில் எழுதுவாள். பிறகு எனக்கு நாக்பூருக்கு மாற்றல். இன்னொரு பெண்ணின் அப்பா ராணுவம், அவர்கள் குவாஹாட்டி போனார்கள். ஊர் மாறியும் கதை நிற்கவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக இவள் இரண்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தால், இவளுடைய பாத்திரத்தை ஒரு தோழி ஏரியில் மூழ்கடித்துவிட்டாள்!

"என்னைக் கேக்காம அவ எப்படிப்பா கொல்லலாம்?" என்றாள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. வங்கியில் நாள் முழுக்க நிஜப் பணத்துக்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு இது ஒரு பிரச்சினையா என்று தோன்றும். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, கிட்டத்தட்ட இதே கேள்வியை 1836-ல் இங்கிலாந்தில் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அவள் பெயர் சார்லட் பிராண்டே. பின்னாளில் 'ஜேன் அயர்' எழுதியவர். சரி, கொஞ்சம் கொசுவத்தி சுற்றுவோம்.

யார்க்‌ஷயர் பக்கம் ஹாவொர்த் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பாதிரியார் பேட்ரிக் பிராண்டே. மனைவி 1821-ல் இறந்துவிட்டார். மூத்த பெண்கள் இருவர் 1825-ல் அடுத்தடுத்து இறந்தார்கள். மிச்சம் நாலு குழந்தைகள்: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். 1826 ஜூன் மாதம் அப்பா லீட்ஸ் நகரத்திலிருந்து பையன் பிரான்வெலுக்கு ஒரு பெட்டி நிறைய மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். மொத்தம் 12 சிப்பாய்கள். மறுநாள் காலையில் நாலு பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். சார்லட்டின் சிப்பாய்க்கு வெலிங்டன் பிரபு என்று பெயர், பிரான்வெலின் சிப்பாய் நெப்போலியன். அப்போது சார்லட்டுக்கு வயது 10, கடைக்குட்டி ஆனுக்கு 6.

விளையாட்டு வளர்ந்து கதையானது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கண்ணாடி நகரம் என்று ஒரு கற்பனை ஊர். அதற்கு வரைபடம், அரசியல், யுத்தம், பத்திரிகை எல்லாம் உண்டு. 1829-ல் பிரான்வெல் தொடங்கிய பத்திரிகைக்கு அந்த வருடமே சார்லட் ஆசிரியர் ஆகிவிட்டாள். சிப்பாய்கள் படிக்கும் அளவில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தீப்பெட்டி அளவே உள்ள புத்தகங்களில் எறும்பு எழுத்தில் எழுதினார்கள். 2019 நவம்பரில் அவற்றில் ஒன்று பாரிஸில் ஏலம் போனது. பிராண்டே குடும்பத்தின் அருங்காட்சியகம் அதை 6 லட்சம் யூரோவுக்கு எடுத்தது, கமிஷன் தனி. குழந்தைகள் கிறுக்குவதை எடைக்குப் போடுமுன் ஒரு முறை யோசியுங்கள் :-)

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. நாலு பேர் ஒரே கதையை எழுதினால் சண்டை வராமல் இருக்குமா? ஒருவர் யுத்தத்தில் கொன்ற சிப்பாய் இன்னொருவருக்கு நாளைக்கு வேண்டும். அதற்கு அந்தக் குழந்தைகள் கண்டுபிடித்த வழி அபாரம். கதைக்குள்ளேயே நாலு பூதங்களை வைத்தார்கள். டாலி, பிரானி, எம்மி, அன்னி என்று அவற்றுக்குப் பெயர். வேறு யாரும் இல்லை, இவர்களேதான். செத்த சிப்பாயை உயிர்ப்பிக்கும் சக்தி பூதங்களுக்கு உண்டு. அதாவது, கதைக்குள் நடந்த சாவை வெறுமனே அழித்துவிட முடியாது. மாற்ற வேண்டுமானால் கதைக்குள்ளேயே ஒரு காரணம் நடக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் இதைத்தான் செய்கிறோம். லெட்ஜரில் தப்பாக எழுதிய வரியைச் சுரண்டி அழிக்கக் கூடாது. எதிர்ப்பதிவு ஒன்று போட்டுத்தான் சரி செய்ய வேண்டும். தப்பும் கண்ணுக்குத் தெரியும், திருத்தமும் தெரியும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது யார் சொல்லாமலும் தோன்றியிருக்கிறது.

ஆனால் பூதங்களாலும் எல்லாச் சண்டையையும் தீர்க்க முடியவில்லை. 1831 ஜனவரியில் சார்லட் ரோ ஹெட் என்ற இடத்தில் விடுதிப் பள்ளிக்குப் போனாள். அந்தச் சமயத்தில்தான் எமிலியும் ஆனும் கோண்டல் என்று தங்களுக்கு மட்டும் ஒரு தீவை உண்டாக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அண்ணனும் அக்காவும் கதையை இழுத்த இழுப்புக்குப் போகவேண்டியிருந்த சின்னவர்கள் வேறென்ன செய்வார்கள்? கூட்டுக் கதையில் பேச இடம் இல்லாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். கூட்டுக் குடும்பத்திலும் அதுதானே நடக்கிறது?

மிஞ்சியது சார்லட்டும் பிரான்வெலும். 1834-ல் இருவரும் ஆங்கிரியா என்று ஒரு புது ராஜ்யத்தைத் தொடங்கினார்கள். ராஜா ஜமோர்னா, சார்லட்டின் செல்லப் பாத்திரம். அவனுக்கு எதிரி நார்தாங்கர்லாந்து, பிரான்வெலின் செல்லப் பாத்திரம். அந்த எதிரியின் மகள் மேரிதான் ஜமோர்னாவின் மனைவி. ஆக, மேரி இருவர் கதைக்கும் நடுவில் நிற்கும் பெண். புருஷன் பக்கம் அக்கா, அப்பா பக்கம் தம்பி.

1835-ல் சார்லட் அதே ரோ ஹெட் பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பிப் போனாள். வீட்டிலிருந்து சுமார் 20 மைல்தான், ஆனால் விடுமுறைக்கு மட்டுமே வர முடியும். வேலை பிடிக்கவில்லை. பகலெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஆங்கிரியாவை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அவளுடைய குறிப்புகளிலிருந்து தெரிகிறது. கதை முழுக்க ஹாவொர்த்தில் இருந்த தம்பி கையில். 1836-ல் அவன் ஆங்கிரியாவில் உள்நாட்டு யுத்தத்தைக் கிளப்பிவிட்டான். ஜமோர்னா நாடு கடத்தப்பட்டான். மாமனாரைப் பழிவாங்க அவன் மேரியைக் கைவிட, அவள் ஏங்கி ஏங்கிச் சாகிறாள் என்று தம்பி கதையைக் கொண்டுபோனான்.

அந்த நாட்களில் சார்லட் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. பிரான்வெல் நிஜமாகவே மேரியைக் கொன்றுவிட்டானா, அவளைப் புதைத்தாகிவிட்டதா என்று தவிக்கிறாள். கதை அவளுடையது, ஆனால் கதையில் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. 20 வயதுப் பெண், ஊரை விட்டு வந்து பிடிக்காத வேலையில் இருக்கிறாள், வீட்டிலிருந்து சேதி வர வேண்டும். வெளியூரில் குப்பை கொட்டும் நமக்கு இந்த நிலைமையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

சார்லட் என்ன செய்தாள்? தம்பி எழுதியதைக் கிழித்துப் போடவில்லை. 1836 முடிந்து 1837 பிறக்கும் நேரத்தில் 'ஜமோர்னாவின் மறுவருகை' என்று தானும் ஒரு பகுதி எழுதினாள். அதில் மேரி உயிரோடு இருக்கிறாள். அவ்வளவுதான், எதிர்ப்பதிவு போட்டாகிவிட்டது! அக்காவும் தம்பியும் அதற்குப் பிறகும் சில வருடம் அந்த ராஜ்யத்தை நடத்தினார்கள்.

இந்தத் தகராறை வங்கி பாஷையில் சொல்கிறேன். கூட்டுக் கணக்குத் தொடங்கும்போது அதை எப்படி இயக்குவது என்று கேட்போம். 'எய்தர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம். 'ஜாயின்ட்லி' என்றால் இருவரும் போட வேண்டும். பிரான்வெல் முதல் வகை என்று நினைத்தான், சார்லட் இரண்டாவது வகை என்று நினைத்தாள். கணக்குத் தொடங்கிய நாளில் யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. கவுண்டரில் நான் பார்த்த அண்ணன் தம்பி சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை உலகம் பல முறை புதிதாகப் படித்தது. இரண்டு உதாரணம் போதும்.

முதலாவது, 1990-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்டாமூ. படம் கிடையாது, எல்லாம் எழுத்து. ஆளுக்கு ஒரு பாத்திரமாக நுழைந்து ஒரு பெரிய வீட்டில் உலாவலாம். 1993-ல் ஒரு ஆள், மற்றவர்களின் பாத்திரங்கள் கேவலமான காரியங்கள் செய்வதுபோல, அவர்கள் சம்மதம் இல்லாமல் எழுத்து வரும்படி செய்துவிட்டான். வெறும் எழுத்துதானே என்று சிலர் சொன்னார்கள். பாதிக்கப்பட்ட பெண் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளர் அந்த வருடம் டிசம்பரில் இதை விரிவாக எழுதினார். அந்த ஆளின் பாத்திரம் நீக்கப்பட்டது. பிறகு அங்கே மனுக் கொடுப்பது, ஓட்டுப் போடுவது என்றெல்லாம் ஏற்பாடு வந்தது. இப்போது பல பேர் சேர்ந்து கதை ஆடும் எந்த இடத்திலும் முதல் விதி, அடுத்தவர் பாத்திரத்தை நீ ஆட்டிவைக்காதே என்பதுதான். லாம்டாமூ கதை கேட்டால் அது ஏன் முதல் விதி என்று புரியும்.

இரண்டாவது, நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த ஸ்டார் வார்ஸ். படங்களைத் தவிர நாவல்களும் காமிக்ஸும் நூற்றுக்கணக்கில் வந்தன. எது எப்போது நடந்தது என்று குழப்பம் வராமல் இருக்க, 2000-ல் லீலண்ட் சீ என்பவர் பொறுப்பில் ஒரு தகவல் களஞ்சியம் தொடங்கினார்கள். ஜார்ஜ் லூகாஸ் படத்தில் சொன்னதற்கு முதல் மரியாதை, நாவல்கள் அதற்கடுத்த படி. 1999-ல் வந்த ஒரு நாவலில் சூபாக்கா செத்துப்போகிறான். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2012-ல் டிஸ்னி அந்த நிறுவனத்தை வாங்கியது. 2014 ஏப்ரல் 25 அன்று, பழைய நாவல்கள் இனி 'லெஜண்ட்ஸ்', அதாவது கட்டுக்கதைகள், புதிய படங்கள் அவற்றுக்குக் கட்டுப்படாது என்று அறிவித்துவிட்டார்கள். 2015-ல் வந்த படத்தில் சூபாக்கா ஜம்மென்று நடமாடினான். மேரிக்கு நடந்ததுதான் இவனுக்கும். ஒரு வித்தியாசம், மேரியைப் பிழைக்க வைத்தவள் அவளோடு வாழ்ந்தவள். சூபாக்காவைப் பிழைக்க வைத்தது ஒரு கம்பெனியின் முடிவு. இருபது வருடம் காசு கொடுத்து அந்த நாவல்களைப் படித்து நம்பியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு நியாயம், பழைய புத்தகங்களை அழிக்கவில்லை, தனி லேபிள் ஒட்டித் தொடர்ந்து அச்சிட்டார்கள்.

இவ்வளவையும் மகளிடம் இரண்டு ராத்திரியாகச் சொன்னேன். மூன்றாம் நாள் அவளே ஐந்து பேரையும் கூட்டிப் பேசினாள். கொன்றவள் யார் தெரியுமா? போபாலை விட்டு நகராமல் அங்கேயே இருக்கும் பெண். "நீங்க எல்லாம் ஊரை விட்டுப் போயிட்டீங்க. ரெண்டு மாசமா ஒரு வரி கூட இல்ல. நீ இனிமே வரமாட்டேன்னு நினைச்சேன்" என்று இந்தியில் சொல்லி அழுதிருக்கிறாள். பிரான்வெலும் வீட்டிலேயே இருந்தவன்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனவர்களின் ஏக்கத்தைப் பற்றி நாம் நிறையவே எழுதுகிறோம். இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டதில்லை.

ஐந்து பேரும் சேர்ந்து விதிகள் எழுதினார்கள். நான் கொஞ்சம் உதவினேன்.

1. எழுதியது எழுதியதுதான், அழிக்கக் கூடாது. தப்பென்றால் கதைக்குள்ளேயே காரணம் சொல்லித் திருத்த வேண்டும்.

2. அடுத்தவர் பாத்திரத்தைப் பேசவைக்கவோ எதையும் செய்யவைக்கவோ கூடாது. நம் பாத்திரம் ஒரு காரியத்தைத் தொடங்கலாம், முடிவு அவரவர் கையில்.

3. சாவு, கல்யாணம், பள்ளியை விட்டு விலக்குவது மூன்றுக்கும் உரியவர் சம்மதம் வேண்டும்.

4. யாருக்கு எத்தனை வயது, எந்தச் சம்பவம் எந்த மாதம் என்று ஒரே ஒரு குறிப்பேடு. மாதம் ஒருத்தி அதற்குக் கணக்குப்பிள்ளை.

5. வராதவள் செத்தவள் இல்லை.

ஐந்தாவது விதிக்கு நான்தான் காரணம். வங்கியில் இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கை இயங்காக் கணக்கு என்று வைப்போம். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் வந்து கேட்டால் வட்டி விதிப்படி கொடுத்தாக வேண்டும். ஆள் வரவில்லை என்பதற்காகக் கணக்கை யாரும் ஏப்பம் விட முடியாது. இவர்கள் கதையிலும் எழுதாத பாத்திரம் இனிமேல் 'ஊருக்குப் போயிருக்கிறாள்'. அவள் படுக்கையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இன்னொரு செய்தி சொல்லி முடிக்கிறேன். கோண்டல் என்று தனிக்குடித்தனம் போன எமிலியும் ஆனும் என்ன ஆனார்கள்? 1845 ஜூன் 30-ம் தேதி இருவரும் யார்க் நகரத்துக்குச் சின்னப் பயணம் கிளம்பினார்கள். எமிலிக்கு வயது 26, ஆனுக்கு 25. அந்தப் பயணம் முழுக்க இருவரும் கோண்டல் பாத்திரங்களாகவே மாறி மாறி நடித்துக்கொண்டு போனார்கள் என்று எமிலி அடுத்த மாதம் எழுதிய குறிப்பில் இருக்கிறது. இரண்டே வருடத்தில் 'வுதரிங் ஹைட்ஸ்' அச்சில் வந்தது. 1848-ல் எமிலியும் 1849-ல் ஆனும் இறந்துபோனார்கள். கோண்டல் கதைகள் கிடைக்கவில்லை, கவிதைகள் மட்டும் மிச்சம்.

ஏரியில் மூழ்கிய பெண் என்ன ஆனாள் என்கிறீர்களா? ஏரிக்கு அடியில் இருக்கும் ஜனங்களோடு இரண்டு மாதம் தங்கியிருந்தாளாம். மூழ்கடித்த பெண்ணே குதித்துப் போய் அழைத்து வந்ததாகப் போன ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறார்கள். அன்று ராத்திரி வத்தக்குழம்பு எனக்கு மிஞ்சவில்லை.