சலுகையில் வளர்ந்த பிள்ளைகள்

வறுமை பிள்ளைகளின் வாழ்வை எவ்வாறு வார்க்கிறது என்னும் வினாவுக்குப் பொதுப்படையான விடைகள் பல உள. ஆனால் ஒரு நாட்டின் சட்டத்திலேயே பிள்ளையின் நாட்கூலிக்கு இடம் இருக்குமாயின், விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், 1929இல் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலால் வந்த சட்டம் அது. கூலிக்கு ஓர் அடிநிலை வகுத்தமையால் அதனை நாம் இகழ்வதற்கில்லை. ஆயினும் அந்த மூன்றாவது எண் நம் உள்ளத்தை உறுத்துகிறது.

கோப்பிக் காலத்தில் இந்நிலை இருக்கவில்லை. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்க வந்த ஆண்களிற் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் தமிழகத்துக் கிராமங்களுக்குத் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும்; கொழுந்து கிள்ளுவதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக ஆள் சேர்க்கப்பட்டது. பிள்ளை மலைக்கு வந்தது தாயின் இடுப்பில். வளர்ந்தது தோட்டத்தின் வருங்கால உழைப்பாக.

விடியுமுன் பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டிய தாய், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்வாள். அங்கே மலையேற இயலாத ஒரு கிழவி காவல். காம்பராவை எல்லாத் தோட்டங்களும் ஒரே சீராக நடத்தவில்லை. சிலவற்றில் பாலும் சோறும் கிடைத்தன. சிலவற்றில் வெறுந் தரையே கிடைத்தது. இதனைத் துரைமாரின் கருணை என்று கொள்வோரும் உளர். கருணை இருந்திருக்கலாம். ஆனால் குழந்தையை விட்டுவரத் தாய்க்கு ஓர் இடம் இல்லையேல், அவளுடைய கூடையில் கொழுந்து விழாது என்னும் கணக்கையும் நாம் மறத்தலாகாது. காம்பராவில் இடமில்லாதபோது எட்டு வயது அக்காளே தாயானாள். அவள் பள்ளிக்கூடம் போகாமைக்குப் பெற்றோரின் அறியாமையைக் காரணம் காட்டிய அறிஞர்கள், இலயத்தின் ஒற்றை அறையில் ஒரு பகற்பொழுதையேனும் கழித்திருப்பார்களா என்பது ஐயமே.

பள்ளிக்கூடத்தின் கதையும் வேறன்று. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தோட்டத்துரையிடமே ஒப்படைத்தன. மலிவான உழைப்பால் இலாபம் காண்பவனிடம் அந்த உழைப்பிலிருந்து தப்பும் வழியைத் திறந்துவிடும் பொறுப்பு! ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு: பெரும்பாலான தோட்டங்களில் இவ்வளவே. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை வழி திறந்தது. தோட்டப் பள்ளிகளோ தேசியக் கல்வி முறைக்கு வெளியே விடப்பட்டன. ஒரே மழையில் நனையும் இரு பிள்ளைகளில் ஒருவன் அரசாங்கத்தின் பிள்ளை. மற்றவன் தோட்டத்தின் பிள்ளை.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இப் பிரிவினையை முத்திரையிட்டு உறுதி செய்தது. 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்கற்றவர்களாயினர். வாக்கற்றவரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்க எவருமில்லை. வீடு, மருந்து, அரிசி, படிப்பு யாவும் தோட்டத்தின் வழியே வந்தன. தோட்டம் கைவிட்டால் நான்கும் ஒருங்கே போயின.

அவ்வாறு கைவிடப்பட்ட காலமும் வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. அரசாங்கம் பங்கீட்டு அரிசியைக் குறைத்தது. தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. கிராமத்தானுக்கு ஒரு பலாமரமேனும், சிறு வயல்துண்டேனும் இருந்தது. இலயத்தானுக்குக் காலடி மண்ணும் சொந்தமில்லை. மலைநாட்டு நகரங்களின் தெருக்களில் தோட்டத்துச் சிறுவர் கையேந்தி நின்றனர். தோட்டங்களில் மரண விகிதம் திடீரென உயர்ந்தது. அதிற் குழந்தைகளின் பங்கு சிறிதன்று.

பிந்திய மாற்றங்களை நாம் மறுக்கவில்லை. 1970களில் பள்ளிகள் அரசாங்கத்தின் கைக்கு மாறத் தொடங்கின. 1980களில் சுவீடன் நாட்டு உதவியால் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. இலயத்திலிருந்து ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் எழுந்தனர். எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமையும் 2003இல் உறுதியாயிற்று. எனினும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டங்களில் 31.7. 2019இல் வறுமைக் கோட்டின்கீழ் இருந்தோர் நாட்டில் நூற்றுக்கு 14.3; தோட்டங்களில் 33.8.

1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இலயக் காம்பராவும் அதனோடு சென்றது. கொழும்பில் கடைச் சிப்பந்தியாக உழைக்கும் இளைஞனின் தாய், கால் வீங்கிய பின்னும் பெரட்டுக்குப் போவது கூலிக்காக மட்டுமன்று. குடும்பத்தில் ஒருவருடைய பேராவது செக்ரோலில் இல்லையேல், பேரப்பிள்ளை உறங்கும் அந்த அறையை விட்டுவிடச் சொல்வார்களோ என்னும் அச்சத்தினாலுமாகும்.