கோட்டையூரிலிருந்து புறப்பட்ட காமிரா

செட்டிநாட்டு அரியக்குடியும் அதன் அண்டை ஊர்களும் தம் மக்களைப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலும் லேவாதேவியின் பொருட்டே கப்பலேற்றி அனுப்பிவந்த காலத்தில், அதே வழியே ரங்கூன் சென்று ‘தனவணிகன்’ பத்திரிகையை நடத்திய கோட்டையூர் ஏ. கே. செட்டியார், பேரேட்டை விடுத்துக் காமிராவைக் கையில் ஏந்தியது இப்பக்கத்துச் சரித்திரத்தில் ஒரு விசித்திரமே.

டோக்கியோவிலும் பின்னர் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற அவருக்கு, 1937 அக்டோபர் 2 அன்று, டப்ளினை நோக்கி அட்லாண்டிக் சமுத்திரத்தில் சென்றுகொண்டிருந்த கப்பலில்தான், காந்தியடிகளைப் பற்றிப் படமெடுக்கும் சங்கற்பம் உதித்தது. தாய்நாட்டில் அன்றாடம் கண்டு பழகிப்போன ஓர் உருவம், தூரதேசப் பிரயாணத்தின் நடுவிலேயே நூதன தரிசனமாய்த் தோன்றிற்று என்பது என் அபிப்பிராயம். சொந்த ஊர்த் திண்ணையில் அமர்ந்திருந்தால் அது தோன்றியிருக்குமோ, ஐயமே! அதன்பின் கண்டங்கள் பலவும் சுற்றி, பிறர் பிடித்த படச்சுருள்களையும் தேடித் திரட்டி, 1940-ல் அப்படத்தை அவர் வெளியிட்டார்.

1943 முதல் ‘குமரி மலர்’ இதழை நடத்திய அவர், பிற தமிழர்கள் எழுதிய பழைய பிரயாணக் கட்டுரைகளையும் தொகுத்தளித்தார். அரியக்குடி மாளிகைகளைப் படமெடுக்க வரும் அன்பர்கள் அவற்றைப் படித்துவிட்டு வருதல் நலம்.