முதல் சாம்பியன் இன்று இல்லை: இந்தியக் கால்பந்து லீக்கும் மாதச் சம்பளமும்

1996 டிசம்பரில் தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கின் முதல் பட்டத்தை வென்றது மோகன் பகானும் அன்று, ஈஸ்ட் பெங்காலும் அன்று. பஞ்சாபின் பக்வாரா நகரில் இயங்கிய ஒரு பருத்தி ஆலையின் அணியான ஜே.சி.டி. அதை வென்றது. ஐ.எம். விஜயனும், அப்போது இருபது வயதான பாய்ச்சுங் பூட்டியாவும் அந்த அணியின் முன்வரிசையில் இருந்தனர். பூட்டியா 14 கோல்கள் அடித்து அந்தப் பருவத்தின் முதன்மைக் கோலாளராக விளங்கினார். 2011-இல், இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்ட கையோடு, ஜே.சி.டி. அணி கலைக்கப்பட்டது.

இந்திய லீக்கின் வரலாற்றைப் பட்டங்களின் வரிசையாக எழுதுவோர் இச்செய்தியை அடிக்குறிப்பாகக் கடந்து செல்வதுண்டு. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்ற கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கினால் அதுவே முதல் வரியாகிவிடுகிறது.

இந்தியாவில் கால்பந்துப் போட்டிகள் பழமையானவை. டூரண்ட் கோப்பை 1888-இலும், கல்கத்தா லீக் 1898-இலும் தொடங்கின. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பை 1941-இல் வந்தது. ஆயினும் நாடு முழுவதற்குமான ஒரு லீக்கிற்கு விடுதலைக்குப் பின்னரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. தொலைவும் பணமும் காரணங்களே. அவற்றினும் ஆழமான காரணம், ஆட்டக்காரரின் பிழைப்பு லீக்கைச் சார்ந்திருக்கவில்லை என்பது. கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளை விட்டுவிட்டால், கால்பந்து வீரர் என்பவர் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் ஊழியர். பம்பாயில் டாட்டா, மஃபத்லால், ஏர் இந்தியா. பெங்களூரில் தொலைபேசித் தொழிற்சாலையான ஐ.டி.ஐ.; ஹைதராபாத்தில் நகரக் காவல்துறை; சென்னையில் இந்தியன் வங்கி; கேரளத்தில் மாநிலக் காவல்துறை; எல்லைப் பாதுகாப்புப் படை, ரயில்வே, ராணுவம். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாத இறுதியில் சம்பளம். முழங்கால் உடைந்து ஆட்டம் முடிந்துபோனாலும் மேசையும் நாற்காலியும் எஞ்சியிருந்தன.

இதைத் தொழில்முறை அல்லாத பழங்காலம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஆட்டத்தின் தரம் அவ்வாறு ஒதுக்கத்தக்கதாய் இருக்கவில்லை. கிளப்புகளுக்கான அகில இந்தியப் போட்டியாக 1977-இல் ஃபெடரேஷன் கோப்பை தொடங்கியபோது, எர்ணாகுளத்தில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் மோகன் பகானை 1-0 என வீழ்த்தியவர்கள் ஐ.டி.ஐ.யின் ஊழியர்கள். 1990-இலும் 1991-இலும் அதே கோப்பையைக் கேரளக் காவல்துறை வென்றது. காவலர்களும் தொலைபேசி செய்தவர்களும் நாட்டின் தலைசிறந்த கிளப்புகளை வென்ற காலம் அது.

தேசிய லீக் இந்த உலகத்தின் மீதே கட்டப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளில் கொல்கத்தாவின் கிளப்புகளுடன் ஆலை அணியும் வங்கி அணியும் விமான நிறுவன அணியும் கோவாவின் சுரங்க முதலாளிகளின் அணிகளும் ஒரே அட்டவணையில் நின்றன. பார்வையாளர் இல்லை என்பதும் அன்று உண்மையன்று. 1997 ஜூலை 13-இல் சால்ட் லேக் அரங்கில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது ஏறத்தாழ 1,31,000 பேர் திரண்டனர், ஜே.சி.டி.யிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பியிருந்த பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, ஆட்டம் 4-1 என முடிந்தது. அத்தனை பெரிய கூட்டத்தைக் கொண்ட ஒரு விளையாட்டு, தன் அணிகளுக்குத் தொலைக்காட்சியிலிருந்தோ நுழைவுச் சீட்டிலிருந்தோ நிலையான வருவாயை ஏற்படுத்தித் தர முடியாமற்போனதுதான் பின்னால் வந்த அனைத்திற்கும் வேர். ஆலையின் கணக்கிலும் சுரங்கத்தின் கணக்கிலும் அணி ஒரு செலவினமாகவே நீடித்தது. செலவினத்தை ஒரு நிர்வாகக் கூட்டத்தில் நீக்கிவிடலாம்.

2007-இல் லீக் ஐ-லீக் எனப் பெயர் மாறியது. தொழில்முறை என்ற சொல் அப்போது அழுத்தமாக ஒலித்தது. 2005-06-இன் சாம்பியனான மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-இல் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜே.சி.டி. சென்றது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிம விதிகள் கிளப்பை ஒரு தனி நிறுவனமாக, தனிக் கணக்குடன் இயங்கச் சொல்லின. விதியில் பிழை காண இயலாது. ஆனால் ஓர் அரசு நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவு எப்படித் தனி நிறுவனமாகும்? 2013-இல் உரிமத் தகுதி பெறாமையால் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் ஐ-லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டன. மைதானத்தில் தோற்று வெளியேறுவது ஒன்று. நிறுவனத்தின் வடிவம் பொருந்தாமல் வெளியேறுவது வேறொன்று. அத்துடன் வேலையோடு கூடிய கால்பந்து, நாட்டின் முதல்நிலை லீக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்தது.

இதற்கிடையே 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. அதிலிருந்து பிறந்ததே 2014 அக்டோபரில் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக். எட்டு அணிகள், திரைக்கலைஞர்களும் கிரிக்கெட் வீரர்களும் பங்குதாரர்கள். டெல் பியரோ, திரெசகே, பிரெஸ் எனப் புகழின் மாலைப்பொழுதில் இருந்த ஐரோப்பிய நட்சத்திரங்கள். அரங்குகள் நிறைந்தன, ஒளிபரப்பு சிறந்தது, ஆட்டக்காரரின் ஊதியம் பழைய லீக் அறியாத உயரத்திற்குச் சென்றது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த லீக்கில் நுழைவதற்குப் பணம் தேவை. ஆடி வென்று நுழைய வழியில்லை. ஆடித் தோற்று வெளியேறவும் வழியில்லை.

இந்தச் சுவரின் முன் முதலில் திரும்பி நடந்தவை கோவாவின் கிளப்புகள். தேசிய லீக்கிலும் ஐ-லீக்கிலுமாக ஐந்து பட்டங்கள் வென்ற டெம்போவும், சல்கோகரும், ஸ்போர்ட்டிங் கோவாவும், ஐ-லீக்கைக் கீழ்நிலைக்குத் தள்ளும் திட்டத்தை எதிர்த்து 2016-இல் விலகின. 2012-இன் சுரங்கத் தடை கோவாவின் பொருளாதாரத்தை ஏற்கெனவே உலுக்கியிருந்தது என்பதையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும்.

கோவா அணிகள் விட்டுச்சென்ற இடத்தில், முந்தைய பருவத்தில் தரமிறக்கப்பட்டிருந்த மிசோரத்தின் ஐசால் கிளப் திரும்ப அழைக்கப்பட்டது. பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களைக் கொண்ட அவ்வணிக்குப் பயிற்சியாளர் காலித் ஜமீல்; கலைக்கப்பட்ட மஹிந்திராவிலும், பின்னர் வெளியேற்றப்பட்ட ஏர் இந்தியாவிலும் ஆடியவர். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லாஜோங் அணியுடன் 1-1 எனச் சமன்செய்து, மோகன் பகானை ஒரே புள்ளியில் முந்தி ஐசால் சாம்பியன் ஆயிற்று. வடகிழக்கிற்கு வந்த முதல் பட்டம் அது. ஆயினும் சூப்பர் லீக்கின் கதவு அதற்குத் திறக்கவில்லை. உண்ணாநிலைப் போராட்டம் வரை செல்வோம் என்று கிளப் எச்சரித்தது. ஒரு நாட்டின் சாம்பியன் அணி முதல்நிலை லீக்கில் இடம் கேட்டு உண்ணாநிலையைப் பற்றிப் பேச நேர்ந்தது விளையாட்டு வரலாற்றில் அரிது.

2019 அக்டோபரில் கோலாலம்பூரில் நடந்த பேச்சில் வகுக்கப்பட்ட வழித்தடம் சூப்பர் லீக்கையே முதல்நிலை என உறுதிசெய்தது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலேறும் வாய்ப்பு 2022-23 முதல் கிடைத்தது; பஞ்சாப் கிளப் அவ்வாறு நுழைந்த முதல் அணி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020-லேயே வேறு வழியில் உள்ளே வந்துவிட்டன. மேலேறும் படி அமைந்தது. கீழிறங்கும் படி காகிதத்தில் நின்றது.

2025 ஜூலையில், டிசம்பரில் முடியவிருந்த அந்த 15 ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் என்ன என்பது தெளிவாகாததால், வரவிருந்த பருவத்தை அமைப்பாளர்கள் நிறுத்திவைத்தனர். ஆகஸ்டில் பெங்களூரு கிளப்பும் சென்னையின் எஃப்.சி.யும் தம் ஆட்டக்காரர்களின் ஊதியத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தன. அதே மாதத்தில்தான் காலித் ஜமீல் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். ஆடுவதற்கு லீக் இல்லாத வீரர்களிலிருந்து அவர் ஓர் அணியைத் திரட்ட வேண்டியிருந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024-இன் கடைசி நாளில், கேரளத்தை 1-0 என வென்று மேற்கு வங்கம் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியிருந்தது. பழைய போட்டி; தொலைக்காட்சிப் பளபளப்பு குறைவு; நட்சத்திரங்கள் எவரும் இல்லை. வென்ற ஆட்டக்காரர்களுக்கு மாநில அரசு அறிவித்த பரிசு, அரசு வேலை.