சீஸரின் நான்காவது ஜன்மம்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்த அறையில் யார் பேசினாலும் காது அங்கே போய்விடும். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல் என் பேரன் உள்ளேயிருந்து, "ஐயோ, சீஸர் செத்துட்டான்!" என்று கூவினான். பையன் ரோமாபுரிச் சரித்திரம் படிக்கிறான் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். போய்ப் பார்த்தால் புத்தகம் ஒன்றையும் காணோம். கம்ப்யூட்டர் திரையில் நீலக் கடல். அதன் நடுவே ஒரு பெரிய யுத்தக் கப்பல் கொழுந்து விட்டு எரிந்தபடி மூழ்கிக்கொண்டிருந்தது.

"யாரப்பா அந்தச் சீஸர்?"

"கப்பலோட பேரு தாத்தா. ஜூலியோ செஸாரே. இத்தாலிக் கப்பல். நான்தான் ஓட்டினேன், தோத்துட்டேன்."

"அப்படியானால் கப்பல் போனது போனதுதானா?"

"அதெல்லாம் போகாது. இதோ பாருங்க!"

ஒரு பொத்தானை அமுக்கினான். அடுத்த கணம் அதே கப்பல் ஒரு துறைமுகத்தில், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், புது மாப்பிள்ளையைப் போல் நின்றது. பையன் அதைச் சுற்றிச் சுற்றிக் காண்பித்தான். பீரங்கிகள், புகைபோக்கிகள், கயிற்று ஏணிகள், சின்னஞ்சிறு படகுகள் எல்லாம் வெகு நேர்த்தியாக இருந்தன. நானும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்ன என்று புரிந்தது.

"ஏம்பா, கப்பலில் ஆட்களே இல்லையே?"

"ஆளெல்லாம் காட்ட மாட்டாங்க தாத்தா. கப்பல்தான் முக்கியம்" என்றான் பையன்.

அவன் சொன்னது விளையாட்டைப் பொறுத்தவரையில் வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பதில் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து சில வாரங்கள் இந்தச் சீஸரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். படித்ததை வாசகர்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' என்பது அந்த விளையாட்டின் பெயர். வார்கேமிங் என்ற கம்பெனியார் அதை 2015ல் வெளியிட்டார்கள். ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்திலிருந்த லெஸ்டா என்ற கூடத்தில் அது உருவாயிற்று. 2017ல் அதில் நம் சீஸர் கப்பல் வந்து சேர்ந்தது. விளையாட்டில் கப்பல்களைப் பலத்துக்கேற்பப் படி பிரித்து வைத்திருக்கிறார்கள். சீஸருக்கு ஐந்தாம் படி. ஆனால் அந்தப் படியில் உள்ள மற்றக் கப்பல்களையெல்லாம் அது பந்தாடிவிட்டது. ஆகையால் அதை ஆறாம் படிக்குத் தள்ளிவிடலாமா என்று 2019ன் தொடக்கத்தில் ஒரு யோசனை பிறந்தது. அவ்வளவுதான்! காசு கொடுத்து அந்தக் கப்பலை வாங்கியிருந்தவர்கள் ஊர் உலகமெல்லாம் கேட்கும்படி கூச்சல் போட்டார்கள். கம்பெனியார் யோசனையைக் கைவிட்டார்கள். ஒரு நிழல் கப்பலுக்காக வழக்காடுவதற்கு இத்தனை பேர் இருந்தார்கள் என்பதை வாசகர்கள் தயவு செய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இனி நிஜக் கப்பலின் கதை.

1910ல் இத்தாலி தேசத்து ஜெனோவாவில் அன்ஸால்டோ கம்பெனியார் இந்தக் கப்பலைக் கட்டத் தொடங்கினார்கள். 1911 அக்டோபரில் அது கடலில் இறங்கியது. 1914 மே மாதத்தில் கடற்படையில் சேர்ந்தது. 305 மில்லிமீட்டர் வாயுள்ள பீரங்கிகள் 13 அதில் இருந்தன. உடன்பிறந்த கப்பல்கள் இரண்டு: காண்டே டி காவூர் ஒன்று, லியோனார்டோ டா வின்சி மற்றொன்று. இவற்றில் டா வின்சி, 1916 ஆகஸ்டில், டாரன்டோ துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்றபடியே வெடித்துத் தலைகுப்புறக் கவிழ்ந்தது. சுமார் 250 பேர் இறந்தார்கள். சீஸரோ முதல் உலக மகா யுத்தம் முழுவதிலும் எதிரிக் கப்பல் மீது ஒரு குண்டுகூடப் போடவில்லை. யுத்தக் கப்பலாகப் பிறந்து இப்படிச் சாதுவாகக் காலம் கழித்தது அதன் முதல் ஜன்மம்.

வீட்டில் ஒரு ஜன்னலை மட்டும் மாற்றலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டவர்களுக்கு இரண்டாவது ஜன்மத்தின் கதை எளிதில் விளங்கும். ஜன்னலில் ஆரம்பித்த வேலை கூடத்துக்கு வரும், கூரைக்கு ஏறும், கடைசியில் பழைய வீட்டில் மிஞ்சுவது இரண்டு சுவர்தான். 1932ன் இறுதியில் பிரான்ஸ் 'டன்கெர்க்' என்ற வேகமான புதுக் கப்பலைக் கட்ட ஆரம்பித்தது. இத்தாலிக்குக் கவலை பிறந்தது. 1933 அக்டோபரில் சீஸரையும் காவூரையும் பட்டறைக்குக் கொண்டு போனார்கள். பிரான்செஸ்கோ ரோட்டுண்டி என்ற கப்பற்படைச் சிற்பி திட்டம் வகுத்தார். நடுவிலிருந்த பீரங்கி மேடையைப் பெயர்த்தெடுத்தார்கள். மிஞ்சிய 10 பீரங்கிகளின் வாயைக் குடைந்து 320 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்கள். பழைய மூக்கின் மேல் புது மூக்கு வைத்துக் கப்பலைச் சுமார் 10 மீட்டர் நீளமாக்கினார்கள். நான்கு உந்து விசிறிகளை இரண்டாகக் குறைத்துப் புது யந்திரங்களை வைத்தார்கள். மணிக்கு 21 நாட் வேகத்தில் போன கப்பல் 27 நாட் வேகத்துக்கு மேல் பாய்ந்தது. 1937ல் வேலை முடிந்தபோது பழைய கப்பலில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தது. என் பேரன் ஓட்டுகிற கப்பல் இந்த இரண்டாவது ஜன்மத்துச் சீஸர்தான்.

இந்த மராமத்தில் ஒரு மனிதரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கப்பலின் அடிவயிற்றில், இரு பக்கத்திலும் நீளமாக ஓர் உருளை இருந்தது. எண்ணெயோ தண்ணீரோ நிரம்பிய அறைக்குள் காலியான பெரிய குழாய் ஒன்றைப் படுக்க வைத்தாற்போல் அமைப்பு. டார்ப்பிடோ வந்து வெடித்தால் அதன் வேகம் உட்சுவரை உடைக்காமல் அந்தக் காலிக் குழாயை நசுக்கிவிட்டு அடங்கிவிடும் என்பது எண்ணம். இதைக் கண்டுபிடித்தவர் உம்பர்ட்டோ புலியேஸே என்ற கடற்படை எஞ்சினீயர். அவர் யூதர். 1938ல் முஸோலினியின் அரசாங்கம் யூதர்களுக்கு எதிராகச் சட்டங்கள் கொண்டு வந்தபோது, அத்தனை கப்பல்களுக்குக் கவசம் செய்து கொடுத்த அந்த மனிதரைக் கடற்படையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 1940 நவம்பர் 11ந் தேதி இரவு டாரன்டோ துறைமுகத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் மூன்று பெரிய கப்பல்களைத் தாக்கின. காவூர் ஒரே டார்ப்பிடோவில் தரை தட்டியது. அங்கேயே நின்ற சீஸர் தப்பியது. மூழ்கியவற்றைத் தூக்க வழி தெரியாமல், வெளியே அனுப்பிய அதே புலியேஸேயைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கைம்மாறாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சீருடையை மறுபடி அணிந்துகொள்ள அனுமதி மட்டுமே அவர் கேட்டதாகச் சொல்வார்கள். விளையாட்டில் அவருடைய கண்டுபிடிப்புக்கு இருக்கும் இடமெல்லாம் திரையின் ஓரத்தில் ஒரு சதவீதக் கணக்குத்தான்.

சீஸர் உண்மையில் சண்டையைப் பார்த்தது இதற்கு நான்கு மாதம் முன்னால், 1940 ஜூலை 9ந் தேதி. கலாப்ரியாக் கரைக்கு அப்பால், புன்டா ஸ்டீலோ முனைக்கருகில், இத்தாலியத் தளபதி காம்பியோனி அதில் கொடியேற்றியிருந்தார். எதிரே பிரிட்டிஷ் தளபதி கன்னிங்ஹாமின் 'வார்ஸ்பைட்'. அதுவும் முதல் யுத்தத்துக் கப்பல்தான். அதற்கும் 1930களில் புது உடம்பு செய்து கொடுத்திருந்தார்கள். கிழவர்கள் இருவர் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு கோதாவில் இறங்கியது போலத்தான். ஆனால் வார்ஸ்பைட்டின் குண்டு ஒன்று சுமார் 15 மைலுக்கு அப்பாலிருந்து வந்து சீஸரின் பின் புகைபோக்கியருகே விழுந்தது. ஓடுகிற கப்பலிலிருந்து ஓடுகிற கப்பல் மேல் இத்தனை தூரத்தில் குண்டு பட்டது சரித்திரத்தில் வெகு அபூர்வம். தீ மூண்டது. அந்தப் புகையைக் காற்றுக் குழாய்கள் உறிஞ்சி, கீழே கொதிகலன் அறைகளுக்குள் கொண்டு போயின. அங்கிருந்தவர்கள் மூச்சு முட்டி வெளியேறினார்கள். கொதிகலன்களில் பாதி நின்றது. வேகம் 18 நாட்டுக்கு இறங்கியது. காம்பியோனி புகைத் திரை விரித்துப் பின்வாங்கினார். என் பேரன் தீயணைக்க ஒரு பொத்தானை அமுக்குகிறானே, அந்தப் பொத்தானுக்கு அடியில் இருப்பவர்கள் இந்த மனிதர்கள்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. சீஸர் மால்டாவுக்குப் போயிற்று. யுத்த நஷ்டத்துக்கு ஈடாக, 1949 பிப்ரவரியில், ஸோவியத் ருஷ்யாவுக்குக் கை மாறியது. 'நோவோரோஸிஸ்க்' என்று ஒரு கருங்கடல் நகரத்தின் பெயரைச் சூட்டினார்கள். அது மூன்றாவது ஜன்மம்.

1955 அக்டோபர் 29ந் தேதி. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. செவஸ்தபோல் துறைமுகத்தில் கரைக்கு அருகே கப்பல் கட்டப்பட்டிருந்தது. மாலுமிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் அப்போதுதான் கப்பலுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்கள். திடீரென்று முன்பக்கத்தில் அடியிலிருந்து மேல்தளம் வரை பிளந்துகொண்டு ஒரு வெடி. தண்ணீர் உள்ளே புகுந்தது.

கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை. அதுதான் இந்தக் கதையில் பொறுக்க முடியாத விஷயம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அது மிதந்தது. பக்கத்துக் கப்பல்களிலிருந்து உதவிக்கு ஆட்கள் வந்து ஏறினார்கள். அதிகாரிகள் வந்தார்கள். அந்த இடத்தில் ஆழம் குறைவு. கப்பல் தரை தட்டி நின்றுவிடும் என்று நம்பினார்கள். ஆனால் அடியில் இருந்தது தரையல்ல, ஆழமான சேறு. கரைப் பக்கம் இழுப்பதிலும் தாமதம். வேலையில்லாதவர்களைக் கரையில் இறக்கிவிட உத்தரவு போடுவதிலும் தாமதம். நூற்றுக்கணக்கானவர்கள் பின்தளத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தபோது, நாலேகால் மணி சுமாருக்கு, கப்பல் சாய்ந்து புரண்டது. நாற்பது வருஷத்துக்கு முன் டா வின்சி கவிழ்ந்ததே, அதே மாதிரி தலைகுப்புற! கவிழ்ந்த கப்பலின் உள்ளேயிருந்து இரும்பைத் தட்டும் ஓசை கேட்டது. இரும்பை அறுத்துச் சிலரைத்தான் வெளியே எடுக்க முடிந்தது. தட்டும் ஓசை வரவர மெலிந்து நின்றது. மொத்தம் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். காப்பாற்ற வந்தவர்களும் அதில் அடக்கம்.

ஜெர்மானியர்கள் விட்டுப் போன பழைய கண்ணிவெடிதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். இத்தாலிய நீர்மூழ்கி வீரர்கள் பழி தீர்த்தார்கள் என்ற வதந்தியும் உண்டு, அது நிரூபணமாகவில்லை. கடற்படைத் தலைவர் குஸ்நெட்ஸோவ் பதவியிழந்து பட்டமும் குறைக்கப்பட்டார். ஆனால் பத்திரிகைகளில் ஒரு வரி வரவில்லை. 1980களின் இறுதி வரையில், முப்பது வருஷங்களுக்கு மேல், 600 குடும்பங்களின் துக்கம் அரசாங்க ரகசியமாக இருந்தது. ஐந்தாம் படியா ஆறாம் படியா என்று நிழல் கப்பலுக்காக எழுந்த கூச்சலை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? நிஜக் கப்பலில் செத்தவர்களுக்காக வாய் விட்டு அழக்கூட முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்த விளையாட்டில் நோவோரோஸிஸ்க் என்ற பெயரிலும் ஒரு ஸோவியத் கப்பல் இருக்கிறது. ஆகையால் இரண்டாவது ஜன்மமும் மூன்றாவது ஜன்மமும் ஒரே கடலில் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளலாம். இரண்டிலும் ஆட்கள் கிடையாது.

விளையாட்டைச் செய்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. தளத்தில் மனிதர்களை நிறுத்தினால், குண்டு விழும்போது அவர்கள் சாவதையும் காட்ட வேண்டும். அதைப் பார்த்தபின் எந்தக் குழந்தை விளையாடும்? குறை சொல்லக் கிளம்பினால் முதலில் என்னைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். சரித்திர நாவல்களில் நானும் எத்தனையோ கப்பல்களை மூழ்கடித்திருக்கிறேன். "எதிரிகளின் மரக்கலங்கள் தீக்கிரையாயின" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு எழுந்து போய்க் காப்பி சாப்பிட்டிருக்கிறேன். அந்த மரக்கலங்களில் ஆட்கள் உண்டு என்பது எனக்கும் அப்போது தோன்றவில்லை.

செவஸ்தபோலின் பழைய கல்லறைத் தோட்டத்தில், துக்கத்தோடு நிற்கும் ஒரு மாலுமியின் சிலை இருக்கிறது. நோவோரோஸிஸ்க்கின் உந்து விசிறிகளை உருக்கி, அந்த வெண்கலத்தில் வார்த்தது அது. கப்பலை 1957ல் தூக்கி உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். மிஞ்சியது இந்த ஒரு மனித உருவந்தான். அதன் படத்தைப் பேரனிடம் காட்டிக் கதையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சாப்பிடப் போனான், திரும்பி வந்து மறுபடி விளையாட உட்கார்ந்தான். குழந்தைதானே!

ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருட்டிலிருந்து குரல் வந்தது.

"தாத்தா, சீஸர்ல எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஆயிரத்து இருநூறு பேருக்கு மேலேப்பா."

"அம்மாடி! எங்க ஸ்கூல்ல இருக்கிறவங்க அவ்வளவு பேர்!" என்றான்.

அப்புறம் வெகு நேரம் அவன் தூங்கவில்லை. நானும்தான்.