நான்கு வாரக் கணக்கு: அழகுச் சிகிச்சையும் புகையிலையும்

அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சைக்கு வருபவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "சிகரெட் பிடிப்பீர்களா?" ஆம் என்று பதில் வந்தால், முன்னும் பின்னும் நான்கு வாரம் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை வரும். நிபந்தனையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வெவ்வேறு வேகத்தில் நடக்கும் உடலியல் மாற்றங்களை எல்லாம் அந்த ஒற்றை எண்ணில் போட்டுக் கட்டியிருக்கிறோம். மூட்டையைப் பிரித்துப் பார்க்காததால் நோயாளிக்குத் தாங்காத வாக்குறுதி ஒன்று தரப்படுகிறது. கேள்வியும் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாமல் நிற்கிறது.

முதலில் தோல். முகச் சுருக்கம் நீக்கும் சிகிச்சையில் காதோரமாகக் கீறி, கன்னத்துத் தோலை அடித்திசுவிலிருந்து பிரித்து, இழுத்துத் தைக்கிறார்கள். பிரித்த தோலுக்கு அடியிலிருந்து வந்த இரத்தம் நின்றுபோகிறது. இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து, தோலுக்குள்ளேயே ஓடும் நுண்குழாய் வலை வழியாகத்தான் விளிம்புவரை போய்ச் சேர வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் போவதுபோல. காதின் பின்புறத் தோல்தான் இங்கே கடைமடை. வயிற்றுத் தோலைக் குறைக்கும் சிகிச்சையில் தொப்புளுக்குக் கீழே நடுப்பகுதி அந்த இடம். மார்பகக் குறைப்பில் முலைக்காம்பு, சதைக் காம்பொன்றின் தயவில் பிழைத்திருக்கிறது. வாய்க்காலைச் சுருக்கும் எதுவும் கடைமடையைத்தான் முதலில் காயவிடும். இமைச் சீரமைப்பில் நிலைமை வேறு: அங்கே இரத்த ஓட்டம் தாராளம், தோலையும் அவ்வளவு தூரம் பிரிப்பதில்லை. எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே அச்சம் என்று சொல்வது உடற்கூற்றியலுக்கு ஒவ்வாது.

இந்த அச்சத்துக்கு எண் கொடுத்தது 1984இல் வெளியான தாமஸ் ரீஸ் குழுவினரின் ஆய்வு. முகத்தோல் சிகிச்சை செய்துகொண்ட 1186 பேரின் பதிவேடுகளைப் புரட்டிய அவர்கள், புகைப்பவர்களுக்குத் தோல் அழுகி உதிரும் வாய்ப்பு ஏறத்தாழ 12 மடங்கு அதிகம் என்றார்கள். நாற்பது ஆண்டுகளாக இந்த மடங்கு மேற்கோளாகிறது. அது பழைய பதிவேடுகளைத் திருப்பிப் பார்த்த ஆய்வு. புகைப்பவருக்கு ஆபத்து உண்டு என்பதைக் காட்ட அது போதும். எத்தனை நாள் நிறுத்தினால் ஆபத்து எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு அதில் பதில் தேடுவது, கேட்காத கேள்விக்கு விடை கேட்பதாகும்.

அந்த விடை வேறு இடத்தில் இருக்கிறது. நிகோட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடும் ஓரிரு நாளில் பெருமளவு வெளியேறிவிடும். ஆக, குழாய் சுருங்குவதும் ஆக்சிஜன் குறைவதும் நாள்கணக்கு. கிருமியைக் கொல்லும் வெள்ளை அணுக்களின் வலு மீள்வதுதான் வாரக்கணக்கு. நான்கு வாரம் என்ற எண்ணுக்கு உறுதியான ஆதாரம் அங்கேதான் கிடைக்கிறது. டென்மார்க்கின் லார்ஸ் சோரன்சன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்களின் உடலில் சிறு கீறல்கள் போட்டுக் கவனித்தார். புகைப்பவர்களின் காயங்களில் 12 சதவீதம் சீழ்ப்பிடித்தன; ஒருபோதும் புகைக்காதவர்களிடம் 2 சதவீதம். நான்கு வாரம் நிறுத்தியவர்களிடம் தொற்று குறைந்தது. மூன்றாவது கணக்கு இன்னும் மெதுவானது. புதுத் திசு நெய்யும் செல்களும் கொலாஜனும் அதே நான்கு வாரத்தில் பழைய நிலைக்கு வருவதில்லை என்று சோரன்சனே பின்னர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். எனவே "ஒரு மாதம் விட்டால் புகைக்காதவர் மாதிரி ஆகிவிடுவீர்கள்" என்று ஆறுதல் சொல்லும் மருத்துவர் தொற்றைப் பற்றி மட்டும் சரியாகச் சொல்கிறார். தழும்பின் தரத்துக்கு அந்த உறுதி நீளாது.

அதே 2003 ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு, அதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. நிறுத்தியவர்களில் சிலருக்கு நிகோட்டின் பட்டையும் சிலருக்கு வெற்றுப் பட்டையும் ஒட்டினார்கள். தொற்றில் வேறுபாடு தெரியவில்லை. கீறல் காயத்தைப் பொறுத்தவரை பெரும் குற்றவாளி புகைதான். தூரம்வரை பிரித்த தோலுக்கு இதை அப்படியே பொருத்தக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைமடையில் நிகோட்டின் எந்த வடிவத்தில் வந்தாலும் குழாயைச் சுருக்கும். ஆனால் பட்டையா, சிகரெட்டா என்ற நிலை வந்தால் பட்டையை மறுப்பதற்கு நியாயமில்லை. 2002இல் மோலர் குழுவினர் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்கு வந்த 120 பேரிடம், புகையை நிறுத்த உதவினால் பலன் உண்டா என்று சோதித்தார்கள். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே ஆலோசனையும் நிகோட்டின் மாற்றும் கொடுத்த குழுவில் சிக்கல்கள் 18 சதவீதம்; கொடுக்காத குழுவில் 52. நிபந்தனை விதித்ததால் வந்த பலன் அல்ல இது. உடன் நின்று உதவியதால் வந்தது.

நடைமுறையிலோ உதவியின் இடத்தைச் சோதனை பிடித்துக்கொண்டிருக்கிறது. நிகோட்டினின் சிதைவுப் பொருளான கோட்டினினை சிறுநீரில் தேடுகிறார்கள். அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 16 முதல் 20 மணி நேரம். அதாவது கடைசிச் சில நாள்களுக்குத்தான் அது சாட்சி சொல்லும். நான்கு வார விதியைச் சில நாள் சாட்சியை வைத்துக் காவல் காக்கிறோம். போதாக்குறைக்கு, பட்டை ஒட்டி நேர்மையாக நிறுத்தியவரையும் அது காட்டிக்கொடுக்கும். புகையிலையில் உள்ள, ஆனால் பட்டையில் இல்லாத அனபசினைத் தேடினால் இந்த அநீதி தவிரும்.

கோட்டினின் பொய்யர் ஆக்கும் இன்னொருவரும் இருக்கிறார். 2016-17இல் நடந்த இந்திய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, புகைக்கும் பெண்கள் 2 சதவீதம். புகையில்லாப் புகையிலை பயன்படுத்தும் பெண்கள் 12.8 சதவீதம். "சிகரெட் பிடிப்பீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட. வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பதுண்டா, மூக்குப்பொடி போடுவதுண்டா, பல்லில் புகையிலைப் பொடி தேய்ப்பதுண்டா என்று யாரும் கேட்பதில்லை. கன்னத்தில் அடக்கிய புகையிலையில் கார்பன் மோனாக்சைடு இல்லை. ஆனால் நிகோட்டின் இருக்கிறது, ஒரு சிகரெட்டைவிட நெடுநேரம் இரத்தத்தில் அளவு குறையாமல் நிற்கவும் செய்கிறது. மேல்நாட்டுப் படிவத்தை மொழிபெயர்த்துக் கேட்டதில், நம் நாட்டுப் பெண்களின் வாய் கணக்கிலிருந்து விடுபட்டுவிட்டது.

சிகிச்சைக்குச் சில நாள் முன்பு நிறுத்தினால் சளி கூடி மோசமாகும், அதற்கு விடாமலே இருக்கலாம் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. 1989இல் வந்த ஓர் ஆய்வைத் தவறாக நீட்டியதால் பிறந்தது அது. 2011இல் வந்த தொகுப்பாய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டது. தேதி நெருங்கிவிட்டாலும் விடுவது நல்லதுதான். அதைவிட நல்லது தேதியைத் தள்ளுவது. புற்றுநோய்க்குப் பின் மார்பகத்தை மீட்டமைப்பவருக்கு எப்போதும் காத்திருக்க முடியாது; மூக்கின் வடிவம் பிடிக்காதவருக்கு முடியும். அந்த அவகாசத்தை மறுப்பாக மாற்றாமல் புதுத் தேதியாகக் கொடுக்கலாம்.

படிவத்தில் இன்னொரு வரியும் சேர வேண்டும். அதே 2016-17 ஆய்வில், வீட்டுக்குள் பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்ன வயதுவந்தோர் 38.7 சதவீதம். கட்டோடு வீடு திரும்பும் பெண்ணிடம், அந்த வீட்டில் யார், எந்த அறையில் பீடி பற்றவைக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.