ஒரு ரிம், இரண்டு பத்திரங்கள்

காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் பெரும்பாலும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள்தான் இரண்டும் இருக்கும். ஒன்று காப்பீட்டுப் பாலிசி. மற்றது, வண்டி வாங்கும்போது கூடுதல் பணம் கட்டி எடுத்த எக்ஸ்டெண்டட் வாரண்டி. பணம் கட்டியவர் ஒருவரே, காக்கப்படும் வண்டியும் ஒன்றே. ஓர் அலாய் வீல் விரிசல் விட்டு, அடிக்கடி காற்றுப் பிடிக்க வேண்டிய நிலை வந்ததும், எந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவது என்ற கேள்வி எழுகிறது. எதை எடுத்தாலும் கிடைக்கப்போவது ஒரு வீல்தானே என்று தோன்றலாம். ஆனால் இரண்டையும் அருகருகே விரித்து நிதானமாகப் படித்தால், இவ்வளவு நேர்த்தியாக ஒன்றுக்கொன்று எதிராக எழுதப்பட்ட இரண்டு பத்திரங்கள் வேறு உண்டா என்ற வியப்பு வருகிறது.

பாலிசியின் சொந்தச் சேதப் பிரிவு, விபத்தாலும் வெளியிலிருந்து வந்த மோதலாலும் நேர்ந்த சேதத்தை ஏற்கிறது. தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் தானாக நேர்ந்த உடைவையும் விலக்குகிறது. வாரண்டி, உலோகத்திலும் தயாரிப்பிலும் உள்ள குறையை ஏற்கிறது. விபத்தையும் மோதலையும் குழியில் இறங்கியதையும் விலக்குகிறது. ஒன்றின் விலக்குப் பட்டியல் ஏறக்குறைய மற்றதன் காப்புப் பட்டியல். அச்சில் பள்ளமாக இருப்பது வார்ப்பில் மேடாக வருவதைப் போன்ற பொருத்தம் இது. ஆனால் எக்ஸ்டெண்டட் வாரண்டித் திட்டங்கள் எல்லாமே அலாய் வீலைச் சேர்ப்பதில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், மின்பாகங்கள் என்று நின்றுவிடுபவையும் உண்டு. விலக்குப் பட்டியலில் 'வீல்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு இந்த ஒப்பீட்டுக்குள் வரவேண்டும்.

எதிர்மை மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் சர்வீஸ் சென்டரின் வரவேற்பு மேசை. ஜாப் கார்டு எழுதும் அட்வைசர் இயல்பாகக் கேட்பார்: "எங்கயாச்சும் குழியில இறங்குச்சா சார்?" வண்டிக்காரரும் இயல்பாகவே சொல்வார்: "இறங்கியிருக்கும்ங்க, நம்ம ரோட்டுல இறங்காம எப்படி?" பேச்சுவாக்கில் சொன்ன இந்த ஊகம் 'மோதல் சேதம்' என்று கார்டில் ஏறிவிட்டால் வாரண்டி அங்கேயே முடிந்துவிடக்கூடும். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தாலும் இதே கேள்விதான் வரும்; எதிர்பார்க்கும் பதில் மட்டும் வேறு. எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணி என்று கேட்பார்கள். தேதியும் இடமும் இல்லாத சேதத்தை அவர்களால் விபத்தாகப் பதிவு செய்ய முடியாது. அங்கே தேதியும் இடமும் இருந்தால் இடையூறு, இங்கே அவை இல்லாவிட்டால் இடையூறு.

இதற்காக யாரும் இல்லாத விபத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை, நடந்த விபத்தை மறைக்கவும் வேண்டியதில்லை. கண்டதைச் சொல்லி, காரணத்தைச் சோதனைக்கு விட்டுவிடுவதே இரண்டு மேசைகளிலும் நியாயமான வழி. 'முன் இடது வீலில் காற்று இறங்குகிறது, டயரில் பஞ்சர் இல்லை, மோதிய நினைவு இல்லை' என்பது சாட்சியம். 'குழியில் விட்டிருப்பேன்' என்பது தீர்ப்பு. அதைச் சொல்லுமளவு ஆதாரம் அந்த நேரத்தில் வண்டிக்காரரிடம் இல்லை.

ஆதாரம் ரிம்மில் இருக்கிறது. இங்கேதான் எதிரெதிராக நின்ற இரண்டும் ஒரே பாடத்தைப் படிக்கத் தொடங்குகின்றன. டயரைக் கழற்றி, ரிம்மைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கியோ சோப்புத் தண்ணீர் தடவியோ பார்க்கிறார்கள். டயர் அமரும் விளிம்பில் குமிழி வந்தால் அது அரிப்போ, அழுக்கோ, சரியாக அமராத டயரோ. உள்பக்கத் தகட்டின் நடுவே, எந்தக் கீறலும் தெரியாத இடத்தில், குண்டூசி முனை அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பினால் உலோகமே கசிகிறது என்று பொருள். விளிம்பு உள்நோக்கி மடங்கி, அந்த மடிப்பிலிருந்து விரிசல் புறப்பட்டிருந்தால் அடி பட்டிருக்கிறது. விரிசலின் முகத்தைத் திறந்து பார்க்க முடிந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். ஒரே அடியில் உடைந்த உலோகம் சொரசொரப்பாகப் பளிச்சிடும். நாள்பட்ட சோர்வால் உடைந்தது மங்கலாக, அலை அலையான கோடுகளோடு இருக்கும். வாரண்டிப் பொறியாளரும் காப்பீட்டு சர்வேயரும் ஒரே அடையாளங்களைத்தான் தேடுகிறார்கள். முதலாமவர் மடிப்பு இருந்தால் மறுக்கிறார், இரண்டாமவர் மடிப்பு இல்லாவிட்டால் மறுக்கிறார்.

கசிவுக்கு வேர் வார்ப்பில் இருக்கிறது. கார்களின் அலாய் வீல்களில் மிகப் பெரும்பாலானவை, சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிதளவு மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தை உருக்கி, குறைந்த அழுத்தத்தில் அச்சுக்குள் ஏற்றி வார்க்கப்படுபவை. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்கும். இறுகும்போது அந்த வாயு வெளியேற வழியில்லாமல் நுண்துளைகளாக உள்ளே தங்கிவிடும். இறுகும்போது உலோகம் சுருங்குவதாலும் சிறு வெற்றிடங்கள் விழும். இவற்றைப் பிடிக்கத்தான் ஆலைகளில் எக்ஸ்ரே பரிசோதனையும் ஹீலியம் கசிவுச் சோதனையும் இருக்கின்றன. அவற்றையும் தாண்டி வெளியே வரும் வீலில் துளைகள் தனித்தனியாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஓட்டத்தில் வரும் அழுத்தத்தால் அவை ஒன்றோடொன்று இணைந்து வழி திறந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆகலாம். அடிப்படை வாரண்டி முடிந்து எக்ஸ்டெண்டட் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் இப்படியொரு குறை தலைகாட்டுவது, ஆகையால், நடக்கக்கூடியதுதான்.

இரண்டு பத்திரங்களும் பேசாமல் கடந்துபோகும் உண்மை ஒன்று உண்டு. அடியும் குறையும் ஒரே வீலில் சேர்ந்தே இருக்கலாம். நுண்துளை மிகுந்த இடம் சாதாரணக் குழியில் விரிசல் விட்டால் காரணம் குழியா, துளையா? வீல்களுக்கான தாக்குதல் சோதனை இதற்கு விடை தரும் என்று எதிர்பார்த்துத்தான் நான் அதைப் படித்தேன். ஐ.எஸ்.ஓ. 7141 என்ற தரத்தின்படி, டயர் மாட்டிய வீலை 13 டிகிரி சாய்வில் நிறுத்தி, விளிம்புக்கு 230 மில்லிமீட்டர் மேலிருந்து எடையைப் போடுகிறார்கள். 500 கிலோ சுமைக்கு வடிவமைத்த வீல் என்றால் போடும் எடை 480 கிலோ. நடுப்பகுதி பிளந்தாலோ, ரிம்மிலிருந்து நடுப்பகுதி பிரிந்தாலோ, ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுவதும் போய்விட்டாலோ வீல் தோல்வி. எடை நேரடியாகப் பட்ட இடத்தில் ரிம் நெளிவதையும் விரிசல் விடுவதையும் தரம் தோல்வியாகக் கொள்வதில்லை. அடி பட்ட இடம் உடையலாம் என்று சோதனையே ஒப்புக்கொள்கிறது. எனவே விளிம்பில், மடிப்போடு வந்த விரிசலை நிறுவனம் குறையாக ஏற்க மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அதே தரத்தின் வழியே பார்த்தால், மடிப்பே இல்லாமல் ஆரக்காலிலோ நடுத்தகட்டிலோ வந்த விரிசலைக் குழியின் மேல் போடுவது கடினம்.

பார்ப்பவர் யார் என்பதில் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தோன்றும். வாரண்டியில் முடிவெடுப்பவர் வீலை விற்றவரின் ஆள். காப்பீட்டில் உரிமம் பெற்ற தனி சர்வேயர். ஆனால் மோட்டார் கிளெய்மில் 50,000 ரூபாய்க்குக் குறைந்த இழப்புக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒற்றை ரிம் பெரும்பாலும் அந்த வரம்பைத் தொடாது. நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போட்டோவைப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம். ஒரு வீல் அளவில் அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. தயாரிப்பாளரிடம் இருக்கும் ஒரு வசதி காப்பீட்டாரிடம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீலின் பின்புறம் வார்ப்பிலேயே பதிந்த தேதி முத்திரையை வைத்து, அதே தொகுதியில் வேறு வீல்களிலிருந்தும் புகார் வந்திருக்கிறதா என்று அவர்களால் பார்க்க முடியும்.

எதிர்பாராத உறவு இன்னொன்றும் உண்டு. பல எக்ஸ்டெண்டட் வாரண்டித் திட்டங்களின் பின்னால் சுமையைத் தாங்கி நிற்பது ஒரு பொதுக்காப்பீட்டு நிறுவனமே. தாளின் மேலே கார் நிறுவனத்தின் பெயர், அடியில் சிறிய எழுத்தில் காப்பீட்டாரின் பெயர். இரண்டு பத்திரங்களும் பல விதிகளில் ஒரே குடும்பச் சாயலோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது அது; இதுவும் அப்படியே. கோளாறு தெரிந்தபின் தொடர்ந்து ஓட்டிப் பெருக்கிக்கொண்ட சேதத்தை அது ஏற்காது, இதுவும் ஏற்காது. வெளியில் வாங்கி மாட்டிய அலாயைச் சொல்லாமல் விட்டால் பாலிசி கைவிடும். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வாரண்டி கைவிடும்.

பணத்துக்கு வந்தால் இருவரும் பிரிகிறார்கள். வாரண்டி ஏற்றுக்கொண்டால் பொதுவாகப் பாகமும் கூலியும் முழுதாகக் கிடைக்கும், அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் அதன் நிழல் விழாது. காப்பீட்டில் கணக்கு நீளும். ரிம் 15,000 ரூபாய், வண்டிக்கு நான்காம் ஆண்டு, 1500 சிசிக்கு உட்பட்ட இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். உலோகப் பாகத்துக்கு அந்த வயதில் தேய்மானக் கழிவு 25 சதவீதம்: 3,750 போகும். கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 10,250. மூன்று ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு இப்போது 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் ஓடிக்கொண்டிருக்கும். கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு 45, பிறகு 50. செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கி 20, 25 என்று மறுபடி ஏற வேண்டும். போனஸ் கழிக்காத சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 10,000 என்றால் முதல் ஆண்டு இழப்பு 4,500, இரண்டாம் ஆண்டு 3,000, மூன்றாம் ஆண்டு 2,500. மொத்தம் 10,000. பெற்ற 10,250-இல் மிஞ்சுவது 250 ரூபாய். நான்காம் ஆண்டில் அதுவும் போய்விடும். வண்டி பழசாகப் பழசாகப் பிரீமியம் குறையும் என்பதால் உண்மையில் இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். தேய்மானக் கழிவை நீக்கும் ஜீரோ டெப் எடுத்தவருக்கும் போனஸைக் காக்கும் கூடுதல் காப்பு எடுத்தவருக்கும் கணக்கு மாறும். இருந்தாலும் ஒரே ஒரு வீலுக்காகப் பாலிசியைப் பிரிப்பதற்கு முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

இரண்டும் சேர்ந்தே விட்டுவிடும் இடம் அரிப்பு. கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு, பூச்சு உப்பி, விளிம்பு பொரிந்து காற்று கசிந்தால் பாலிசி அதைப் படிப்படியான சிதைவு என்னும்; பெரும்பாலான வாரண்டிகள் சுற்றுச்சூழல் பாதிப்பு என்னும். கடற்கரைச் சாலை ஓரம் வண்டி நிறுத்துபவர்கள் டயர் மாற்றும்போது உள்விளிம்பையும் பார்க்கச் சொல்லிவிடுவது நல்லது.

ஒருவர் மறுத்த கடிதம் மற்றவரிடம் சிபாரிசாக மாறுவது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 'வெளி மோதலால் நேர்ந்தது, தயாரிப்புக் குறை அல்ல' என்று வாரண்டி மேசை எழுதிக் கொடுத்தால், காப்பீட்டார் கேட்கும் முதல் சான்று அதிலேயே இருக்கிறது. 'மோதலின் அடையாளம் இல்லை' என்று காப்பீட்டார் எழுதினால், அது வாரண்டி மேல்முறையீட்டுக்கு உதவும். இருவரும் ஒரே நேரத்தில் சரியாக இருப்பது அரிது. தடையாக நிற்பது காலம்தான். வாரண்டி முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருந்துவிட்டுப் போனால், ஏன் உடனே தெரிவிக்கவில்லை என்று காப்பீட்டார் கேட்பார். ஆகவே மோதல் நினைவில் இருந்தால் அன்றே காப்பீட்டாருக்கும் தகவல் சொல்லி வைப்பது நேர்மையானது, பாதுகாப்பானதும்கூட.

இருவருமே மறுத்தால் வழி மீண்டும் ஒன்றாகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருள் என்றாலும் குறைபாடான சேவை என்றாலும் போய் நிற்பது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். காலவரம்பு 2 ஆண்டுகள். சோதனை இல்லாமல் பொருளின் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையம் அதன் மாதிரியைப் பெற்று, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு வழி செய்கிறது. அதற்கு ரிம் இருக்க வேண்டும். இரண்டு தரப்பும் பழைய ரிம்மைக் கேட்பவர்கள்: வாரண்டியில் அது ஆலைக்குத் திரும்புகிறது, காப்பீட்டில் பழைய இரும்புக் கணக்கில் சேர்கிறது. கிளெய்ம் ஏற்கப்பட்டால் தாராளமாகக் கொடுத்துவிடலாம். மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேதி முத்திரையும் விரிசலும் தெரியும்படி படம் எடுத்து, ரிம்மைக் கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும்.